கதவு எந்தப் பக்கம் திறக்கிறது

சாம்பல்தீவு,
திருகோணமலை.
16.02.2025

அன்பின் மருமகனுக்கு,

மாமா எழுதுவது. இங்கே மழை விட்டுவிட்டது, களப்பில் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருக்கிறது. உன் அம்மா, என் அக்காவின் கால் வீக்கம் வற்றிவிட்டதாக மருமகள் சொன்னாள். அங்கே ரொறன்ரோவில் பனி முடியும்வரை அவளை வெளியே கூட்டிக்கொண்டு திரியாதே.

நீ போனுக்கு அனுப்பிய படங்களைப் பேரன் பெரிதாக்கிக் காட்டினான். பின்னேரங்களில் அம்மாவைப் பக்கத்தில் இருத்திப் பழைய படங்கள் போடுகிறாய் என்று கேட்க எனக்குச் சந்தோஷம். அவள் கதையைக் கவனிக்காமல், "அந்தக் காரை நிப்பாட்டு, என்ன கார் என்று மாமாவிடம் கேள்" என்று கரைச்சல் தருகிறாள் என்றாய். இது இன்றைக்கு வந்த பழக்கமில்லை. டவுனில் நெல்சன் தியேட்டரில் கலரியில் இருந்து படம் பார்த்த காலத்திலேயே, மற்றப் பெண்கள் சரோஜாதேவியின் சேலையைப் பார்க்க, அக்கா அவர் இறங்கி வந்த காரைப் பார்ப்பாள். ஹயர் கார் ஓடிய அத்தானைக் கட்டியபிறகு அது முற்றிவிட்டது. எனக்கோ இ.போ.ச. டிப்போவில் ஸ்பானர் பிடித்த நாளிலிருந்து அதுவே பிழைப்பாகவும் போயிற்று.

நீ கேட்ட ஒவ்வொரு காருக்கும் பெயர் எழுதி அனுப்பிவிடலாம். அனுப்பினால் அடுத்த கிழமை இன்னும் பத்துப் படம் வரும். அதனால் பார்க்கிற முறையைச் சொல்லித் தருகிறேன். பிறகு நீயும் அக்காவும் பட்டபாடு.

முதலில் நிறத்தை மற. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்புக் காரும் கறுப்புக் காரும் ஒன்றுபோலத்தான் தெரியும். எங்கள் நாட்டில் முதல் வந்த கலர்ப் படமே 1962இல் வந்த 'ரன்முத்து தூவ' என்ற சிங்களப் படம்தான். மைக் வில்சன் எடுத்தது, ஆர்தர் சி. கிளார்க்கும் அதில் பங்கு. காமினி பொன்சேகா நடித்த அந்தப் படத்தின் கடல் காட்சிகளைத் திருகோணமலைத் தண்ணீருக்குள் இறங்கித்தான் எடுத்தார்கள். அதற்கு முந்திய எங்கள் படங்களில் நிறத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. கலர் வந்தபிறகும் ஸ்டூடியோக்காரர்கள் பாட்டுக்கு ஒரு பெயின்ட் அடிப்பார்கள், நம்ப வேண்டாம். முகப்பில் இருக்கிற பெயர்ச்சின்னத்தையும் நம்பாதே. கழற்றி மாட்டுகிற சாமான் அது.

கழற்ற முடியாதவற்றைப் பார். கண்ணாடி, விளக்கு, கதவு.

கண்ணாடிக்கு மொறிஸ் மைனரை எடுத்துக்கொள். உனக்கு நன்றாகத் தெரிந்த கார், நீ சின்னவனாக இருக்கும்போது கொழும்பு டாக்சிகளில் பாதி அதுதான். அலெக் இசிகோனிஸ் என்பவர் வரைந்து 1948இல் வெளிவந்தது. ஒரு மில்லியன் விற்ற முதல் இங்கிலாந்துக் கார் அதுதான். பார்வைக்கு எல்லா மைனரும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் முன்கண்ணாடி நடுவில் ஒரு கம்பி ஓடி இரண்டாகப் பிரிந்திருந்தால் அது 1956க்கு முந்தியது. ஒரே வளைந்த கண்ணாடி என்றால் 1956க்குப் பிறகு வந்த 'மைனர் 1000'. இன்னும் பின்னுக்குப் போக வேண்டுமென்றால் ஹெட்லைட்டைப் பார். ஆரம்பத்தில் வந்தவற்றுக்கு ஹெட்லைட் கிறிலுக்குள்ளேயே தாழ்வாக இருக்கும். 1950, 51 அளவில் அதை மட்கார்டுக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். கார் திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை பக்கத்துக்கு நீண்டு மடிகிறதா? 1961க்குப் பிறகு வந்தவற்றில் அந்தக் கை இல்லை, மினுங்கும் லைட்தான். பார்த்தாயா, பொனட்டைத் திறக்காமலே மூன்று வருஷக் கோடு போட்டுவிட்டோம்.

வொக்ஸ்வாகனுக்குப் பின்கண்ணாடி. இரண்டாகப் பிரிந்திருந்தால் 1953க்கு முந்தியது, முட்டை வடிவம் என்றால் 1953 முதல் 57 வரை, அதற்குப் பிறகு பெரிய நீள்சதுரம்.

வில்லன்கள் வரும் நீண்ட அமெரிக்கன் கார்களில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். எதைப் பார்த்தாலும் "இம்பாலா" என்றுவிடுவார்கள். பின்பக்கம் வரும்வரை பொறு. 1960 செவர்லே என்றால் பின்னால் வட்ட லைட்டுகளை எண்ணு. ஒரு பக்கத்துக்கு மூன்று, மொத்தம் ஆறு இருந்தால் இம்பாலா. ஒரு பக்கத்துக்கு இரண்டுதான் என்றால் அதே கம்பனியின் விலை குறைந்த தம்பிமார். 1959 மட்டும் தனி. அதற்குப் பின்செட்டை இரண்டு பக்கமும் விரிந்து, லைட் கண்ணீர்த்துளி மாதிரி இருக்கும்.

இனிக் கதவு. நீ அனுப்பிய மூன்றாவது படத்தில், இரவுக் காட்சியில், கதாநாயகி காரிலிருந்து இறங்குகிறாள். கார் இருட்டில் கிடக்கிறது, கிறிலும் தெரியவில்லை, லைட்டும் தெரியவில்லை. "இதைக் கண்டுபிடிக்கவே முடியாது" என்று எழுதியிருந்தாய். கதவைப் பார் தம்பி. முன்கதவின் பிணைச்சல் முன்னால் இல்லை, நடுத்தூணில் இருக்கிறது. கைப்பிடி முன்பக்கம், கதவு பின்னோக்கித் திறக்கிறது. மெட்ராஸ் படம், நான்கு கதவுள்ள சின்னக் கார், முன்கதவு இப்படித் திறக்கிறது என்றால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அது பியட் 1100, அதுவும் 'டிலைட்' வருவதற்கு முந்தியது. பம்பாயில் பிரீமியர் கம்பனி அந்தக் காரை 1954இல் இறக்கியது. 1964இல் வந்த டிலைட்டில் கதவை மற்றக் கார்களைப் போல மாற்றிவிட்டார்கள். அந்த டிலைட்தான் பிறகு பெயர் மாறி மாறிப் பத்மினியாகி பம்பாய் டாக்சியாக ஓடியது. ஆகவே உன் படத்தில் இருக்கிற கார் 54க்கும் 64க்கும் இடையில் வந்தது. சேலை கட்டிய பெண்ணுக்கு அந்தக் கதவால் இறங்குவது வசதி, ஆனால் ஓடும்போது திறந்துகொண்டால் காற்று அதைப் பிய்த்தெடுத்துவிடும். அதனால்தான் உலகம் முழுக்கப் பெரும்பாலும் அந்த மாதிரிக் கதவைக் கைவிட்டார்கள்.

அம்பாசிடரைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், நீ எல்லா உருண்டைக் காரையும் அம்பாசிடர் என்கிறாய். அதற்கு முன் 'லேண்ட்மாஸ்டர்' என்று ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் மொறிஸ் ஒக்ஸ்போர்ட் இரண்டாம் வரிசையைக் கல்கத்தாப் பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. மூன்றாம் வரிசைதான் அம்பாசிடர். லேண்ட்மாஸ்டரின் பொனட் மழுமழுவென்று இருக்கும், பின்மட்கார்டு உருண்டு இறங்கிவிடும். அம்பாசிடரின் பொனட்டில் நீளவாக்கில் மடிப்பு இருக்கும், பின்மட்கார்டின் நுனி சின்ன வாலாக நிமிர்ந்து நிற்கும். எம்.ஜி.ஆர். வைத்திருந்த 'டி எம் எக்ஸ் 4777' அம்பாசிடர் இப்போதும் தியாகராய நகர் ஆற்காடு தெருவில் அவருடைய நினைவு இல்லத்தில் நிற்கிறது. அதன் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

இப்போது நீயும் அக்காவும் சண்டை பிடித்த படத்துக்கு வருகிறேன். கடற்கரை வீதி, தென்னை, பின்னால் வெள்ளைக் கட்டடம். நீ காலிமுகத்திடல் என்கிறாய், அக்கா மெரினா என்கிறாள். அக்கா சொல்வதுதான் சரி. அவள் எதைப் பார்த்துச் சொன்னாளோ தெரியாது, நான் காரைப் பார்த்துச் சொல்கிறேன். வீதியோரம் ஒரு ஹெரால்ட் நிற்கிறது. ஹெரால்ட் எங்கள் நாட்டிலும் ஓடியது, எனக்கும் அதன் வேலை தெரியும். மட்கார்டோடு சேர்ந்து முழு முன்பக்கமும் முன்னோக்கிக் கவிழும், எஞ்சின் வேலைக்கு அதைப்போல சுகமான கார் கிடையாது. ஆனால் இங்கிலாந்தில் செய்த ஹெரால்ட் சலூனுக்கு இரண்டு கதவுதான். உன் படத்தில் நிற்பதற்கு நான்கு கதவு. அதை உலகத்திலேயே ஒரே ஒரு இடத்தில்தான் செய்தார்கள்: மெட்ராசுக்குப் பக்கத்தில் வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில், 1968 வாக்கிலிருந்து. நம்பர் பிளேட்டும் 'எம்' என்று தொடங்குகிறது. எங்கள் கார் என்றால் அந்தக் காலத்தில் இலக்கங்களுக்கு நடுவில் சிங்கள 'ஸ்ரீ' இருந்திருக்க வேண்டும். அந்த ஸ்ரீயைத்தான் 1957, 58இல் தமிழ்ப் பகுதிகளில் தார் பூசி அழித்தார்கள், அதற்காகச் சிறைக்கும் போனார்கள். அதற்கு முன்னே எங்கள் பிளேட்டில் ஆங்கில எழுத்துகள்தான். ஆக, இலங்கையில் எடுத்த படத்தில் ஒரு காரின் பிளேட் தெளிவாகத் தெரிந்தால், ஸ்ரீக்கு முன்னா பின்னா என்றாவது சொல்லிவிடலாம்.

மெட்ராஸ் வீதியையும் கொழும்பு வீதியையும் கார்களை வைத்துப் பிரிப்பது இன்னொரு காரணத்தாலும் லேசு. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலிருந்து பம்பாயில் கார் பூட்டி விற்றது. உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்யாதவர்களுக்கு இடமில்லை என்று இந்திய அரசாங்கம் நெருக்கியதும் 1954இல் அதுவும் போர்டும் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டன. அதற்குப் பிறகு இந்திய வீதியில் அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்ட் என்று மூன்று குடும்பம்தான். அந்தக் காலத்துப் பெரிய அமெரிக்கன் கார் ஒன்று தமிழ்ப் படத்தில் வந்தால், பெரும்பாலும் அது 54க்கு முந்தியது அல்லது தூதரகக்காரர் விற்றுவிட்டுப் போனது. எங்கள் நாட்டில் அப்போது கார் செய்யத் தொழிற்சாலை இருக்கவில்லை. அதனால் ஐம்பதுகளில் எல்லாம் வந்து இறங்கின. ஒஸ்டின், மொறிஸ், ஹில்மன், வொக்சோல், போர்ட் பிரிபெக்ட், பேஜோ 203, 403, ஒப்பல், பென்ஸ். அறுபதுகளில் அந்நியச் செலாவணி இல்லையென்று இறக்குமதியை நிறுத்தினார்கள். 1977இல் கதவு திறந்து ஜப்பான் கார் வந்து குவியும்வரை அந்தப் பழசுகளையே நாங்கள் வெல்டிங் பிடித்தும் புஷ் கடைந்தும் ஓட்டினோம். என் அரைவாசிச் சீவியம் அதில்தான் போனது, குறை சொல்லவில்லை.

இதனால்தான் சிவாஜியும் மாலினி பொன்சேகாவும் நடித்த 'பைலட் பிரேம்நாத்'தை அக்காவுக்கு மறுபடி போட்டுக் காட்டச் சொல்கிறேன். 1978 படம். இங்கே எடுத்த பகுதிகள் வரும்போது நடிகர்களைப் பார்க்காதே, அவர்களுக்குப் பின்னால் போகிற வாகனங்களைப் பார். 77க்கு அடுத்த வருஷங்களில்தான் எங்கள் வீதிகளில் ஐம்பதாம் ஆண்டுக் கார்களும் புதிதாக இறங்கிய ஜப்பான் கார்களும் அருகருகே ஓடின. பத்து வருஷம் முந்தியோ பிந்தியோ அந்தக் கலவையைக் காண முடியாது.

சரி, அக்காவின் கேள்வி. முதல் படத்தில் நிற்கும் அந்தக் கார். அவள் அதைப் பார்த்துவிட்டு எழும்பி டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள், கொஞ்ச நேரம் பேசவில்லை என்று எழுதியிருந்தாய். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். நீ பிறந்தபோது உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது அத்தானின் ஒஸ்டின் ஏ 40 'சமசெட்'. நிலாவெளி, குச்சவெளி, கன்னியா, கோணேசர் கோவில் என்று அது போகாத இடமில்லை. சல்லி அம்மன் பொங்கலுக்கு ஒரு காரில் ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு போவார். எண்பத்தைந்தில் நாங்கள் உடுத்த உடுப்போடு ஊரைவிட்டுப் போனபோது அதைக் கொட்டிலுக்குள் விட்டுவிட்டுத்தான் போனோம். திரும்பி வரும்போது சேசிஸ் மட்டும் கிடந்தது. அந்தக் காருக்கு ஒரு போட்டோகூட இல்லை. அக்கா பழைய படங்களில் கார் தேடுவதற்கு வேறு காரணம் வேண்டுமா?

அந்தப் படத்தில் இருப்பதும் ஒஸ்டின் ஏ 40தான். பொனட் நுனியில் பறக்கிற மாதிரி ஒரு 'ஏ' எழுத்து தெரிகிறது பார். ஆனால் அது சமசெட் இல்லை, அதற்கு முந்திய 'டெவன்'. டெவன் 1947இலிருந்து 52 வரை வந்தது, நிமிர்ந்த முகம், மெலிந்த தோள். சமசெட் 1952இல் தொடங்கி 54இல் முடிந்தது, எங்கும் உருண்டு திரண்ட உடம்பு. உன் கண்ணுக்குப் பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை, வருஷமே தீர்த்துவிடுகிறது. படம் 1951 என்று எழுதியிருக்கிறாய். ஒரு படத்தில் தனக்குப் பிந்திப் பிறந்த கார் வரவே முடியாது. 52இல் வந்த சமசெட்டுக்கு 51 படத்தில் என்ன வேலை? இதை அக்காவிடம் ஆறுதலாக இருக்கும்போது சொல்லு. சமசெட் வேண்டுமென்றால் 1953க்குப் பிறகு வந்த படங்களாகப் பார்த்துப் போடு. தேடினால் அகப்படும்.

இனி ஏமாற்றுகளைச் சொல்ல வேண்டும். 'எலிபன்ட் வாக்' என்று 1954இல் ஒரு ஹொலிவூட் படம். 1953இல் இங்கே வந்து எடுத்தார்கள். கதாநாயகியாக வந்த விவியன் லீக்கு வருத்தம் கடுமையாகி அவர் விலக, எலிசபெத் டெய்லரை வைத்து மிச்சத்தை எடுத்தார்கள். பணம் செலவழித்து எடுத்த தூரக் காட்சிகளை எறியவில்லை. அதனால் கிட்டத்தில் டெய்லர், தூரத்தில் சில இடங்களில் லீ. கார்களுக்கும் இதே விளையாட்டை நடத்துவார்கள். தூரத்தில் ஒரு கார் போகும், கிட்டத்தில் கதாநாயகன் ஓட்டுவது ஸ்டூடியோவுக்குள் நிற்கிற வேறொரு கார். அதற்குப் பின்னால் திரையில் வீதியை ஓடவிட்டிருப்பார்கள், காருக்கு முன்கண்ணாடிகூட இருக்காது, வெளிச்சம் பட்டு மினுங்கும் என்று கழற்றிவிடுவார்கள். அந்த நேரத்தில் அவருடைய இடது கையைக் கவனி. கியர் மாற்றுகிற மாதிரி பாவனை செய்வார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கை ஆடினால் பியட், அம்பாசிடர், சமசெட் மாதிரிக் கார். கை தொடைக்குப் பக்கத்தில் கீழே போனால் மைனரோ ஹெரால்டோ. ஸ்பீட் மீற்றர் டாஷ்போர்டின் நட்டநடுவில் ஒரே வட்டமாக இருந்தால் பெரும்பாலும் மைனர் என்று எழுதலாம்.

மலையிலிருந்து உருண்டு தீப்பிடிக்கும் கார் இருக்கிறதே, அதை நம்பவே கூடாது. கதாநாயகன் ஏறிய கார் புத்தம் புதிது, விழுவது பதினைந்து வருஷம் பழையது. வெட்டுக்கு முன்னும் பின்னும் நிறுத்திப் பார்த்தால் சிரிப்பு வரும். இன்னொன்று: எங்கள் பக்கப் படத்தில் திடீரென்று சாரதி இடப்பக்கம் இருந்தால், ஒன்று அது வெளிநாட்டிலிருந்து நேரே வந்த கார், இல்லாவிட்டால் படச்சுருளைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அவர் சட்டைப்பையைப் பார், வலப்பக்கம் போயிருக்கும்.

இந்தக் காலத்தில் எடுக்கிற 'பழைய காலப்' படங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைத்த 1947 என்று எழுத்துப் போடுவார்கள், அம்பாசிடரில் ஆள் வந்து இறங்குவார். பத்து வருஷம் கழித்துப் பிறந்த கார் அது! உடுப்புக்கும் தலைமயிருக்கும் இவ்வளவு பாடுபடுகிறவர்கள் ஒரு மெக்கானிக்கைக் கேட்டால் என்ன? மற்றப் பக்கம் பார்த்தால், தீபா மேத்தா 'மிட்நைட்ஸ் சில்ட்ரன்' படத்தை 2011இல் இங்கே வந்து எடுத்தார். கொழும்புதான் அதில் பம்பாயாகவும் கராச்சியாகவும் நடித்தது. கதை சொல்கிற ஊரை அப்படியே நம்பாமல், பின்னால் நிற்கிற காரை வைத்து எந்த ஊரில் எடுத்தார்கள் என்று பார்ப்பது உனக்கு நல்ல பயிற்சி.

கார் பின்னணியில் நிற்காமல் தானே நடித்த இந்தியப் படமும் உண்டு. ரித்விக் கட்டக்கின் 'அஜாந்திரிக்', 1958, வங்காளம். பிமல் என்ற டாக்சிக்காரனுக்கும் 'ஜகத்தல்' என்று பெயர் வைத்த அவனுடைய ஓட்டைச் செவர்லேக்கும் நடுவிலான உறவுதான் முழுக் கதையும். அதே வருஷம் கிஷோர்குமாரும் அவருடைய இரண்டு சகோதரர்களும் ஒரு கராஜை வைத்துக்கொண்டு 'சல்தி கா நாம் காடி'யில் ஊரையே சிரிக்க வைத்தார்கள். முதலாவதை அக்காவோடு பார்க்காதே, அத்தானை நினைத்து அழுவாள். இரண்டாவதைப் போடு. எனக்கு முதலாவதுதான் உயர்ந்தது. காருக்குப் பெயர் வைத்து அதோடு கதைக்கிற சாரதிமாரை நான் டிப்போவிலும் கண்டிருக்கிறேன், படத்தில் ஒரு சொல்கூட மிகையில்லை.

எங்கள் நாட்டுத் தமிழ்ப் படங்களில் எங்கள் வீதிகளைப் பார்க்கலாமே என்று கேட்டாய். பார்க்கலாம், இருந்தால். அறுபதுகளில் 'சமுதாயம்', 'தோட்டக்காரி' என்று தொடங்கி, எழுபதுகளில் 'குத்துவிளக்கு', 'பொன்மணி', 'வாடைக்காற்று' என்று வந்தன. மெட்ராஸ் படத்தில் வராத எங்கள் ஊர்ச் சந்தி, எங்கள் பஸ், எங்கள் ஹயர் கார் இவற்றில்தான் இருந்திருக்கும். 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது படச்சுருள்களும் சேர்ந்து போயின. தப்பிய படங்களில் சில தேய்ந்த வீடியோ பிரதியாகத்தான் கிடைக்கின்றன, கார் எது மாடு எது என்று பிரிக்க முடியாது. அங்கே ரொறன்ரோவில் எங்கள் ஆட்களிடம் பழைய வீடியோ கசெட்டுகள் எத்தனையோ வீட்டில் பெட்டிக்குள் கிடக்கும். கலியாண வீடியோவாக இருந்தாலும் பரவாயில்லை, வீதி தெரிந்தால் எறிய விடாதே.

கண்ணால் பார்த்துப் பழக வேண்டுமென்றால், இந்தியா போகும்போது சென்னையில் ஏவி.எம். ஸ்டூடியோவுக்குள் 2023இல் திறந்த அருங்காட்சியகத்துக்குப் போ, பழைய கார்கள் வரிசையாக நிற்கின்றன. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகமும் நல்லது. கொழும்பில் காலிமுக ஹோட்டலில் 1935ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஒன்று நிற்கிறது. இரண்டாம் யுத்த காலத்தில் கடற்படையோடு இங்கே வந்த இளவரசர் பிலிப் வாங்கி ஓட்டியது என்று அவர்கள் சொல்கிறார்கள். ஓடுகிற கார் பார்க்க அவ்வளவு தூரமும் போகத் தேவையில்லை, இங்கே வா. மொறிஸ் மைனர் இன்னும் எங்கள் வீதிகளில் ஓடுகிறது. தொண்ணூறுகளில் அதன் உதிரிப்பாகங்களை இந்த நாட்டிலேயே அடித்து, அதைக் கண்டுபிடித்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் செய்தார்கள். யுத்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல், காபரேட்டருக்குள் ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய ஒஸ்டின்களும் மொறிஸ்களும் எந்தப் படத்திலும் ஒழுங்காக வரவில்லை. அதன் புகைமணம் தெரிந்தவன் யாராவது எடுக்க வேண்டும்.

இப்போதைக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு கொப்பி வாங்கி அக்காவின் கையில் கொடு. படத்தின் பெயர், வருஷம், கார் வந்த இடம், முன்கண்ணாடி ஒன்றா இரண்டா, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, பின்லைட் எத்தனை, பிளேட்டில் என்ன எழுத்து, இவ்வளவும் அவள் சொல்லச் சொல்ல நீ எழுது. பெயரைக் கடைசியில் எழுது. எனக்கு அனுப்பும்போது கார் பக்கவாட்டில் நிற்கிற இடத்தில் நிப்பாட்டி, நம்பர் பிளேட் வெட்டுப்படாமல் எடு. கதாநாயகியின் முகம் எனக்குத் தேவையில்லை.

அந்த 1951 படத்துக்கு வருஷம் மட்டும்தான் எழுதியிருக்கிறாய், பெயர் எழுதவில்லை. அதையும் அனுப்பு.

அன்புடன்,
மாமா